கண்ணுநக்கியின் கயிறு

கைபிடித்துச் சொன்ன சொல்லைத் தின்று ஏப்பம் விட்டவன் நீ. பட்டப்பகலில், கரட்டூர் செவ்வாய்ச் சந்தையில், அத்தனை தரகர்களும் அத்தனை மாடுகளும் பார்த்திருக்க, என் துண்டுக்குள் கையை விட்டு என் விரலை இறுக்கிப் பிடித்து, "பாத்துட்டுத் திருப்பித் தந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, நீ பார்க்கிற பார்வை இன்னும் முடியவில்லை. அன்றைக்கு உன்னை வாங்க சார், போங்க சார் என்றேன். அந்த மரியாதையை முதலில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ கொண்டுபோனதில் அது ஒன்றையாவது நான் மீட்டதாக இருக்கட்டும்.

என்னை மறந்திருப்பாய். நான் பாவாத்தா, மாட்டுத் தரகு, கரட்டூர் சந்தையில் தோளில் துண்டு போட்ட ஒரே பொம்பளை. பள்ளிக்கூட வாசலில் சாணி அள்ளியிருக்கிறேன், உள்ளே போனதில்லை. எனக்குப் பாடம் சொன்னதெல்லாம் என்னை ஏமாற்றியவர்கள்தான், அவர்களில் பாதிப் பேருக்கு நான் பிறகு பாடம் சொன்னேன். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு கைகள் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தும் விட்டும் மடக்கியும் பேசுவோம். பிடித்த பிடி விடுபடும்போது பேச்சு முடிந்தது, அதற்கப்புறம் சாமியே வந்தாலும் மாற்றக் கூடாது. ஆரம்பத்தில் என் துண்டுக்குள் கைவிட ஆம்பளைகள் கூச்சப்பட்டார்கள், பிறகு கூச்சம் போய்க் குறும்பு வந்தது, குறும்பு செய்த ஒருத்தனின் சுண்டுவிரல் மடங்கிய இடத்திலேயே ஒடிந்ததும் குறும்பும் போய் வியாபாரம் மட்டும் மிச்சமிருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை நீ கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. விற்ற மாட்டைப் பழைய கயிற்றோடு அனுப்பக் கூடாது. வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து கட்ட வேண்டும், பழைய கயிறு அவிழ்ந்து விற்றவன் கைக்குத் திரும்ப வேண்டும். மறந்து கயிற்றோடு விட்டால், மாடு போன வழியே அந்த வீட்டுப் பாலும் பசுமையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடும்.

நீ தேடி வந்த பூச்சிக்கு எங்கள் ஊரில் கண்ணுநக்கி என்று பேர். கட்டைவிரல் நகம் அகலம் இருக்கும். மேல் இறகு வறட்டிச் சாம்பல் நிறம், அதில் ஓரமாக நெளிந்து போகும் ஒரு கோடு, கீழ் இறகு மாட்டு நாக்கின் உட்புறம் மாதிரி வெளிறிய சிவப்பு. விலை முடிந்து கயிறு மாறும்போது மாடு கண்ணீர் விடும், மனிதர்களைப் போலவே மூக்கோரமாக வழியும். அப்போது எங்கிருந்தோ வந்து கீழ் இமையில் உட்கார்ந்து, சுருட்டி வைத்த குழலை நீட்டி, அவசரமே இல்லாமல் குடித்துவிட்டுப் போகும். வெள்ளாமைக் காட்டில் குருவி மாதிரி, சந்தையில் அது. யாரும் விரட்டியதில்லை, யாரும் கொண்டாடியதும் இல்லை.

நீ வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்கு வைத்துப் பார்த்தாய், பொழுது சாய வந்து உட்கார்ந்து பார்த்தாய், ஒன்றும் சிக்கவில்லை. பிறகு மாட்டுக் கண்ணருகே கண்ணை வைத்துப் படுத்தாய். அங்கே அதைக் கண்டதும் நீ போட்ட சத்தத்தில் ஒரு கிடாரி அறுத்துக்கொண்டு ஓடியது.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்லை! உலகத்துக்கே புதுசு!" என்றாய்.

ராக்கியண்ணன், எங்களில் மூத்த தரகு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எங்க மாட்டுக்குப் பழசுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அன்றைக்கு உன்னை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாய். பழத்தைத் துளைக்கிற பூச்சிக் கூட்டத்தோடு இதற்குச் சொந்தம் இருக்கிறது, ஆனால் குழல் நுனியில் முள் இல்லை, பஞ்சு இருக்கிறது, இறகு நரம்பு போகிற போக்கோ வேறு கூட்டத்தைக் காட்டுகிறது, அதனால் இதற்கென்று தனி வகையே போட வேண்டும் என்றாய். நெற்றியில் எத்தனை சுழி, கொம்பு விரிந்ததா கூடியதா, நிறம் மயிலையா காரியா செவலையா என்று பிரித்துப் பிரித்தே தலை நரைத்தவள் நான். பிரிக்கிறவனைக் கண்டால் பிரிக்கிறவளுக்கு மரியாதை வரத்தான் செய்யும். நீ பிரித்ததில் எனக்குச் சண்டை இல்லை. கொடுத்த சொல்லில்தான் சண்டை.

சந்தையை விட்டு எதை வெளியே கொண்டுபோனாலும் துண்டுக்குள் பேசித்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னேன். நீ விளையாட்டு என்று நினைத்துக் கையை நீட்டினாய். பிடித்தாய், சொன்னாய், விட்டாய். கண்ணாடிக் குப்பியில் அதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாய். பூச்சிக்கு ஏது கயிறு என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு கரட்டூரில் யார் கண்ணிலும் தண்ணீர் வரவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர்கள் சமையற்கட்டில் இருந்தவர்கள். சின்ன வெங்காயம் உரித்தால் எரியவில்லை. நல்லதாப்போச்சு என்று கூடை கூடையாக உரித்தார்கள், அந்த மாதம் எல்லார் வீட்டிலும் வெங்காயக் குழம்புதான். பிறகு கைக்குழந்தைகள் வீறிட்டு அழுதன, கன்னம் காய்ந்தே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அழுது வீட்டுக்குப் போக முடியாமல் வயிற்றுவலியைப் பழகிக்கொண்டார்கள். கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும்போது வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "ஏனுங்கம்மா, ஒரு சொட்டாவது விடுங்க, ஆல்பம் நல்லா வராது" என்று கெஞ்சி, பன்னீர்ச் செம்பிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பெண்ணின் தாய் கன்னத்தில் வைத்தார், அதுவே பிறகு எல்லாக் கல்யாணத்திலும் ஒரு சடங்காகி, அதற்கென்று தாய்மாமன் வீட்டிலிருந்து தனிச் செம்பு வாங்கி வர வேண்டும் என்றாகிவிட்டது. இழவு வீடுகளில் ஒப்பாரி குறையவில்லை, மாரடிப்பும் குறையவில்லை, முகம் மட்டும் காய்ந்து கிடந்தது. மருந்துக்கடைக்காரர் கண் சொட்டு மருந்தைப் பெட்டிப் பெட்டியாக இறக்கினார், துக்கம் கேட்கப் போகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுவதற்குப் பதிலாக, இழந்தவரின் தலையை மடியில் சாய்த்து, இமையை விரித்து, ஆளுக்கு ஒரு சொட்டு விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். எத்தனை பேர் சொட்டு விட்டார்கள் என்பது செத்தவருக்கு மரியாதை. பிறத்தியார் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது, எதுவும் பழகிவிடும்.

சந்தையோ கொழித்தது. முன்பெல்லாம் விலை முடியுமுன்பே விற்க வந்தவன் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுவான், அவன் அழ மாடும் அழும், வாங்க வந்தவன் மனசு கலங்கிப் பேச்சை முறித்துவிட்டுப் போவான். இப்போது கயிறு மாறியதும் விற்றவன் டீக்கடைக்குப் போனான், மாடு லாரியில் ஏறியது. சுங்கம் வசூலிக்கிற குத்தகைக்காரர் பொன்னுரங்கம் வாயெல்லாம் பல்லாக அலைந்தார். கண்ணுநக்கிகள் கொஞ்சநாள் வந்து, காய்ந்த இமைகளில் உட்கார்ந்து குழலை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக வராமல் நின்றுபோயின.

இதெல்லாம் இப்படியே போயிருந்தால் நானும் உன்னை மறந்திருப்பேன். ஐப்பசி மழையில் வாய்க்கால் மேட்டில் பால்வண்டி கவிழ்ந்தது. ஓட்டிப் போனவர் முருகவேல், என் மகள் தேன்மொழியின் புருஷன்.

ஊரே வந்து அவளுக்குச் சொட்டு விட்டது. அவள் எழுந்து எல்லோருக்கும் காப்பி போட்டாள். மறுநாள் பால் கறந்தாள், மறுவாரம் அவர் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், நடந்துகொண்டே இருந்தாள். உள்ளே இருந்து வெளியே வர வேண்டியது எதுவோ வழி தெரியாமல் கண்ணுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. கண் சிவந்தது, இமை மூடினால் மணல் அரைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள், கொஞ்ச நாளில் எதிரே வருவது நானா பசுவா என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கருவிழி காஞ்சு வெடிக்குதும்மா. சொட்டு மருந்து தாங்காது. சொந்தக் கண்ணீர் ஊறணும். ஊறலைன்னா பார்வை நிக்காது. இந்தப் பொண்ணு அழுததே இல்லையா?"

"எங்க ஊர்ல யாருமே அழறதில்லீங்க" என்றேன்.

"என்ன தைரியமான ஊரு!" என்றார் அந்தப் பாவி.

ராக்கியண்ணன்தான் கண்டுபிடித்தார். பழைய மூக்கணாங்கயிறு ஒன்றைத் திரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார்.

"அம்மிணி, அந்தப் பூச்சிக்காரனுக்குக் கயிறு மாத்திக் குடுத்தமா?"

"பூச்சிக்கு ஏதுங்கண்ணா கயிறு?"

"மாட்டைக் கட்டுறது கயிறு. பூச்சியைச் சந்தையில கட்டி வச்சிருந்தது எது? கண்ணுத் தண்ணி. கயித்தோட அனுப்பிட்டோம். ஊரு தண்ணி பூராவும் அது பின்னாடியே போயிருச்சு."

சொல்லி முடித்ததும் சுற்றி இருந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். யாருக்கும் ஆச்சரியமில்லை, இவ்வளவு சின்ன விஷயத்தைக் கோட்டை விட்டோமே என்ற வெட்கம்தான். அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பூச்சிகளைச் சேர்த்து வைக்கிற உன் இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏ.சி. குளிர், பாச்சை உருண்டை வாசம், சுவர் முழுக்க இழுப்பறை. தேன்மொழியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தேன். நீ நன்றாகத்தான் பேசினாய். இழுப்பறையைத் திறந்து காட்டினாய். சிறகை விரித்து நடுமார்பில் ஊசி ஏற்றி வைத்திருந்தாய். கீழே சீட்டில் இரண்டு சொல்லில் ஒரு பெயர், நீதான் படித்துச் சொன்னாய். முதல் பாதி நீ போட்ட தனி வகை, இரண்டாம் பாதி உன் மாமனார். அவர் பெரிய படிப்பாளியாம். மாட்டுக் கண்ணை அவர் எத்தனை முறை துடைத்துவிட்டிருக்கிறார் என்று கேட்டேன், நீ தண்ணீர் குடித்தாய்.

அதன் குழல் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் பீங்கான் தட்டு வைத்திருந்தாய். தட்டில் பாதிக்குத் தண்ணீர். சீட்டு ஊறி மை கரைந்திருந்தது.

"செத்த பிறகும் உப்புத் தண்ணி சுரக்குதும்மா. இதுவரைக்கும் எந்தப் பூச்சியிலயும் பார்த்ததில்லை. இதோட முக்கியமான அடையாளமே இதுதான்னு எழுதியிருக்கேன்" என்றாய், முகம் மலர.

நான் உன்னிடம் பேசவில்லை. கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"தேனு! முருகவேலு கடைசியாப் போறப்போ என்ன கண்ணு சொன்னாரு?"

வெளியே இருந்து ஈரமில்லாத குரலில் பதில் வந்தது: "மத்தியானம் வந்து சாப்பிடறேன், கீரையைக் கடைஞ்சு வையின்னாரும்மா."

சொட்டு பெருத்தது, விழுந்தது, இன்னொன்று பெருத்தது, விழுந்தது, பிறகு சொட்டாக இல்லாமல் நூலாக இறங்கியது. தட்டு நிறைந்து உன் மேஜையில் வழிந்தது. நீ பஞ்சைத் தேடி ஓடினாய். நான் விரலால் தொட்டு வாயில் வைத்தேன். என் மகளின் கண்ணீரை அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது முத்தத்தோடு தின்றிருக்கிறேன்; அது எந்த ருசி என்று எனக்கு நீ எழுதிக் காட்ட வேண்டாம்.

"இதைக் குடுத்துருங்க" என்றேன்.

"முடியாதும்மா. இது வெறும் பூச்சி இல்லை, மூல மாதிரி. இனிமே உலகத்துல எங்க இதைப் பிடிச்சாலும் இந்த ஒண்ணோடதான் ஒப்பிட்டுப் பார்க்கணும். அந்தப் பேரே இந்த உடம்பு மேலதான் நிக்குது. இது ஒண்ணுதான் மொத்த இனத்துக்கும் பொறுப்பு."

"அப்ப இது ஒண்ணுக்குக் குத்துன ஊசி மொத்தத்துக்கும் குத்துனதுதானுங்களே?"

நீ பஞ்சால் மேஜையைத் துடைத்தாய்.

"விலை சொல்லுங்க."

"இது விலைக்கு இல்லைம்மா."

"விலைக்கு இல்லாததை எப்படிங்க எடுத்துட்டு வந்தீங்க?"

காவலாளியைக் கூப்பிட்டாய். அவர் நல்ல மனுசன், என் கையைத் தொடாமல் கதவை மட்டும் திறந்து பிடித்தார். போகும்போது உன் முன்னால் துண்டை விரித்துக் கையை நீட்டினேன். பிடித்த பிடியை அவிழ்க்க வேண்டுமானால் மறுபடி பிடித்துத்தான் அவிழ்க்க வேண்டும். நீ உன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய். என் மகள் கதவோரம் நின்று, யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே உன்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு உன் கழுத்தில் சுருக்காக விழட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பி வந்து சந்தையைக் கூட்டினேன். பொன்னுரங்கம் எழுந்தார்.

"அக்கா, உம்பட மக கஷ்டம் எனக்கும் கஷ்டந்தான். ஆனா சந்தை ஓடுற ஓட்டத்தைப் பாருங்க. அழுகாச்சியை மறுபடி கொண்டாந்து என்ன பண்றது?"

"உன்ற காரிக்காளையை அவுத்து விடு" என்றேன்.

"எதுக்கு?"

"விட்டுத்தான் பாரேன்."

விட்டார். காளை நேராக நடந்து டீக்கடைத் தூணில் முட்டியது, பின்வாங்கி மறுபடி அதே தூணில் முட்டியது. கடைக்காரர், "குத்தகைக்காரர் மாடுன்னா தூணுக்கும் சுங்கம் கேக்கும் போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவரவர் மாட்டின் கண்ணை அவரவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூசு படிந்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்த கண்கள், வரிசை வரிசையாக. கொஞ்சநாளாக மலையாளத்து வியாபாரிகள் ஏன் மாட்டின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். "சரி, என்ன பண்ணோணும்? சொல்லுங்கக்கா."

"வெங்காயம்" என்றேன்.

இப்போது நீ கேட்டுக்கொள். உன் அறையில் கொஞ்ச நாளாகத் தட்டுக்குப் பதிலாக வாளி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காவலாளி போனில் சொன்னார். அது நாங்கள் வெள்ளோட்டம் பார்த்தது. இந்தச் செவ்வாயிலிருந்து கரட்டூரில் உலை வைப்பதற்கு முன்னால் உரிக்கிறோம், உலை இறக்கிய பின்னால் உரிக்கிறோம், வாசலில், வண்டித்தடத்தில், கோயில் மண்டபத்தில், பஞ்சாயத்துக் கட்டடத்து நிழலில், சந்தைத் திடலில் மாடுகளின் மூக்குக்கு நேராகக் குவித்து வைத்து உரிக்கிறோம். எங்களுக்கு எரியவில்லை, எங்கள் கண்ணில் ஒரு பொட்டு இல்லை, அவ்வளவும் உன்னிடம் வருகிறது. உரிக்கிறவர்கள் சும்மா உரிக்கவில்லை. செத்துப்போனவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி உரிக்கிறார்கள், மழையில்லாத வருசங்களைச் சொல்லி உரிக்கிறார்கள், கட்டிக்கொடுத்த இடத்தில் பட்டதைச் சொல்லி உரிக்கிறார்கள், எந்தெந்த மாட்டை எந்தக் கஷ்டத்துக்கு விற்றார்கள் என்று ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு உரிக்கிறார்கள். ராக்கியண்ணன், அவர் மனைவி போன வருசம் போனதை, இப்போதுதான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மகள் திடலின் நடுவில் உட்கார்ந்து, கண் தெரியாமல் விரலாலேயே தோலைத் தேடித் தேடி உரிக்கிறாள், கீரை கடைந்து வைத்ததைச் சொல்கிறாள், அந்தக் கீரை சாயங்காலம் வரைக்கும் மூடியபடி இருந்ததைச் சொல்கிறாள். ஒரு நூறு வருசத்து அழுகை எங்களிடம் வட்டியில்லாமல் கிடக்கிறது. உன் கீழ் இழுப்பறைகள் முதலில் ஊறும். பிறகு மேல் வரிசை. காட்டிலும் மலையிலும் உனக்கு முந்தியவர்கள் பிடித்து வைத்ததெல்லாம் இறகு பிரிந்து மிதக்கும். பெயர்கள் கரையும், உன் மாமனாரின் பெயர் முதலில்.

இது மிரட்டல் என்று நினைக்காதே, பேரம்தான் பேசுகிறேன். என் வாழ்நாளில் நான் கடைசி விலையை முதலில் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். பெயரை நீயே வைத்துக்கொள். தனி வகை போட்ட பெருமையை வைத்துக்கொள். இறகு, நரம்பு, குழல், பஞ்சு நுனி, நீ அளந்தது, வரைந்தது, அத்தனையும் உன்னுடையது. கயிறு எங்களுடையது.

வருகிற செவ்வாய் சந்தைக்கு அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வா. உன் ஆட்களை அனுப்பாதே, நீ வா. எல்லார் முன்னாலும் அந்த ஊசியை உன் கையாலேயே பிடுங்கு. பூச்சியை என் மகளின் இமையில் வை. பிடுங்கியதும் அது என்ன செய்யும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஒரு சொட்டு இறங்கட்டும், என் மகள் என் முகத்தைப் பார்க்கட்டும், அதன் பிறகு உன் புதுக்கயிற்றை எதில் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போ, நான் எழுந்து நின்று வழிவிடுகிறேன்.

திடலில் துண்டை விரித்து வைத்திருக்கிறேன். அதற்கு அடியில் என் கை நீட்டியபடி இருக்கிறது, அது வலிக்காது, மரத்துப் பழகிய கை. முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை அவிழ். வந்து உள்ளே விடு.